இரண்டு மணி நேரக் கலகம்: தென்கொரியாவின் டிசம்பர் 3 இரவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர் 12 அன்று தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு மணி நேரக் கலகம் என்று ஒன்று உண்டா? அதற்கு ஒன்பது நாள் முன்பு அவர் பிறப்பித்த ராணுவச் சட்டத்தை நாடாளுமன்றம் அன்றிரவே வாக்கெடுப்பில் வீழ்த்தியிருந்தது. யாரும் உயிரிழக்கவில்லை. விடிவதற்குள் படைகள் முகாமுக்குத் திரும்பிவிட்டன. பிறகு இதை எப்படிக் கலகம் என்பீர்கள் என்பது அவர் வாதம். 2025 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் இதையே வேறு சொற்களில் சொன்னார்: எதுவுமே நடக்கவில்லை, ஏரியில் விழுந்த நிலா நிழலைத் துரத்திக்கொண்டிருக்கிறோம் என்று.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் அந்த இரவின் ரகசியம் முழுவதும் அதன் கால அளவில்தான் இருக்கிறது. இரவு 10:27க்கு அறிவிப்பு. நள்ளிரவு தாண்டி 1:01க்கு வாக்கெடுப்பு. இடையில் இரண்டரை மணி நேரம். அதிபர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டதால் அது குறுகியதா, அல்லது வேறு யாரோ நிறுத்தியதால் குறுகியதா? நிகழ்வுகளை மணிக்கணக்கில் அடுக்கிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடுகிறது.

சட்டத்தில் இருந்த கதவு

1987இல் மக்கள் போராட்டத்தின் விளைவாகப் பிறந்த தென்கொரிய அரசியலமைப்பில் 77ஆம் பிரிவு ராணுவச் சட்டத்தைப் பற்றியது. போர், ஆயுத மோதல், அல்லது அதற்கு இணையான நெருக்கடி இருந்தால் அதிபர் அதைப் பிறப்பிக்கலாம். பிறப்பித்தவுடன் தாமதமின்றி நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் விலக்கிக்கொள்ளக் கோரினால் அதிபர் விலக்கியே ஆக வேண்டும். மொத்தம் 300 இடங்கள், ஆகவே 151 பேர். அந்த இரவில் நடந்த எல்லாமே இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் நடந்தன.

நாடாளுமன்றத்தின் வாசலைப் பட்டாளம் அடைத்துவிட்டால் இந்தப் பிரிவு வெறும் காகிதம் என்பதைக் கொரியர்கள் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்கள். 1979 அக்டோபரில் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டதும் ராணுவச் சட்டம் வந்தது. 1980 மே 17 இரவில் சுன் டூ-ஹ்வான் தலைமையிலான ராணுவக் குழு அதை நாடு முழுவதற்கும் விரித்தது. நாடாளுமன்றம் படைகளால் மூடப்பட்டது. மறுநாள் குவாங்ஜு நகரில் தொடங்கிய மக்கள் எழுச்சியை மே 27 விடியலில் ரத்தத்தில் அமிழ்த்தினார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் சுன்னுக்கு ஆயுள் தண்டனையையும் அவருக்குப் பின் அதிபரான ரோ டே-வூவுக்கு 17 ஆண்டுச் சிறையையும் உறுதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இருவருக்கும் மன்னிப்பு கிடைத்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் நாடாளுமன்றத்தை முடக்குவது கலகக் குற்றம் என்ற தீர்ப்பு அப்படியே நிலைத்தது. அதைச் சட்ட மாணவர்கள் மட்டுமல்ல, ராணுவ அதிகாரிகளும் படித்திருந்தார்கள்.

எப்படி அங்கே வந்து நின்றார்கள்

யூன் 2022 மார்ச்சில் 0.73 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றவர். அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்து நேரே அரசியலுக்கு வந்தவர், தேர்தல் அனுபவம் இல்லாதவர். 2024 ஏப்ரல் பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 175 இடங்களைப் பிடித்தது, அவருடைய மக்கள் சக்திக் கட்சிக்கு 108தான். அதன்பின் எதிர்க்கட்சி சட்டம் இயற்றும், அதிபர் மறுப்பாணை போடுவார். எதிர்க்கட்சி அதிகாரிகள் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரும், அதிபர் அதை அரசைக் கவிழ்க்கும் சதி என்பார். அதிபரின் மனைவி கிம் கியோன்-ஹீ மீது சிறப்பு விசாரணை கோரிய மசோதாக்கள் திரும்பத் திரும்ப வந்தன. நவம்பர் இறுதியில் 2025க்கான நிதிநிலை அறிக்கையில் 4.1 லட்சம் கோடி வோனை எதிர்க்கட்சி வெட்டியது. எதிர்க்கட்சி தன் எண்ணிக்கை பலத்தைத் தாராளமாகவே பயன்படுத்தியது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இவை எல்லாம் அரசியல் சண்டைகள். பேசித் தீர்க்கலாம், அல்லது அடுத்த தேர்தல்வரை பொறுக்கலாம். போரும் இல்லை, ஆயுத மோதலும் இல்லை.

அதிபரைச் சுற்றி இருந்தவர்களில் பாதுகாப்பு அமைச்சர் கிம் யோங்-ஹ்யுன், ராணுவ எதிர்உளவுப் பிரிவின் தளபதி யோ இன்-ஹ்யுங், உள்துறை அமைச்சர் லீ சாங்-மின் மூவரும் யூன் படித்த சியோல் சுங்கம் உயர்நிலைப் பள்ளியிலேயே படித்தவர்கள். பள்ளி மூத்தவர், இளையவர் என்ற பிணைப்பு கொரியாவில் எவ்வளவு ஆழமானது என்பதை அறிந்தவர்களுக்கு இது தற்செயலான தகவலாகத் தெரியாது.

10:27 முதல் 1:01 வரை

செவ்வாய் இரவு. அறிவிப்புக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் அமைச்சரவைக் கூட்டம் ஐந்து நிமிடம். வந்திருந்த அமைச்சர்கள் பலருக்கு எதற்காக அழைக்கப்பட்டோம் என்றே தெரியாது. பின்னர் நீதிமன்றம் இதை ஆலோசனை என்றே ஏற்கவில்லை. 'அரசுக்கு எதிரான சக்திகளை' ஒழிக்கப்போவதாக யூன் தொலைக்காட்சியில் அறிவித்தார். தரைப்படைத் தலைமைத் தளபதி பார்க் அன்-சு ராணுவச் சட்டத் தளபதியானார். அவர் பெயரில் வந்த முதல் ஆணை நாடாளுமன்றம், உள்ளாட்சி மன்றங்கள், கட்சிகள், கூட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஊடகங்கள் ராணுவக் கட்டுப்பாட்டில். பணியைவிட்டு விலகிய பயிற்சி மருத்துவர்கள் 48 மணி நேரத்தில் திரும்ப வேண்டும், இல்லையேல் தண்டனை.

77ஆம் பிரிவின்படியே பார்த்தாலும் அதிபருக்கு நாடாளுமன்றத்தைத் தடை செய்யும் அதிகாரம் கிடையாது. எந்த மன்றம் ராணுவச் சட்டத்தை விலக்கச் சொல்லலாமோ, அந்த மன்றத்தையே மூடுவதாக முதல் வரியில் எழுதிவிட்ட ஆணை அது. 'எச்சரிக்கைக்காகத்தான் செய்தேன்' என்ற பிற்கால விளக்கம் இந்த முதல் வரியிலேயே உடைந்துபோகிறது.

ஹான் நதியின் யோயிடோ தீவில் உள்ள நாடாளுமன்ற வளாகத்தைக் காவல்துறை முதலில் அடைத்தது. பிறகு ஏறத்தாழ அரை மணி நேரம் உறுப்பினர்களை மட்டும் உள்ளே விட்டது. பிறகு மீண்டும் முழுமையாக மூடியது. அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று அப்போது வாசலில் நின்ற காவலருக்குத் தெரிந்திருக்காது. தாமதமாக வந்தவர்கள் சுற்றுச்சுவர் ஏறினார்கள். 67 வயதான சபாநாயகர் ஊ வோன்-ஷிக் வேலி தாண்டினார். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே-மியுங் காரில் வரும்போதே கைப்பேசியில் நேரலையைத் தொடங்கி, மக்களே நாடாளுமன்றத்துக்கு வாருங்கள் என்று அழைத்து, சுவர் ஏறியதையும் நேரலையிலேயே காட்டினார். ஆளுங்கட்சித் தலைவர் ஹான் டாங்-ஹூன், இது தவறு, மக்களோடு சேர்ந்து தடுப்பேன் என்று அறிக்கை விட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார். அவர் கட்சியினர் பலர் வரவில்லை, கட்சித் தலைமையகத்திலேயே இருந்துவிட்டார்கள்.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஹெலிகாப்டர்கள் இறங்கின. அவை முன்பே வந்திருக்க வேண்டியவை. சியோலின் தடை செய்யப்பட்ட வான்பரப்பில் நுழையத் தலைநகர் பாதுகாப்புப் படையின் அனுமதி தேவை. எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராததால் அங்கே பொறுப்பிலிருந்த கர்னல் அனுமதியைத் திரும்பத் திரும்ப நிறுத்திவைத்தார். தன் மேசையில் உட்கார்ந்து விதிப்புத்தகத்தின்படி ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியின் நேரத்தில் பல உறுப்பினர்கள் அவைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இறங்கிய சிறப்புப் படையினர் சன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். நாடாளுமன்றப் பணியாளர்களும் உதவியாளர்களும் மேசை, நாற்காலி, சோபா என்று கைக்குக் கிடைத்ததைக் கதவுகளில் குவித்து, தீயணைப்பான்களைப் பீய்ச்சி அவர்களைத் தடுத்தார்கள். வெளியே பொதுமக்கள் ராணுவ வண்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். ஜனநாயகக் கட்சியின் செய்தித் தொடர்பாளர் ஆன் குவி-ரியோங் ஒரு வீரரின் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு 'வெட்கமாக இல்லையா' என்று கத்தினார். அந்தக் காட்சி உலகெங்கும் போனது. எனக்கு அதைவிட மனத்தில் நிற்பது அந்த வீரர் செய்யாமல் விட்டதுதான். அவர் பின்வாங்கினார்.

சிறப்புப் போர்ப் படையின் தளபதி குவாக் ஜோங்-குன் பிறகு அளித்த சாட்சியம் இந்த ஆய்வின் நடுமையம். அதிபர் தொலைபேசியில் அழைத்து, தீர்மானத்துக்கு வேண்டிய எண்ணிக்கை இன்னும் சேரவில்லை போலிருக்கிறது, கதவை உடைத்து உள்ளே இருப்பவர்களை வெளியே இழுத்து வாருங்கள் என்று உத்தரவிட்டதாக அவர் சொன்னார். யூன் இதை மறுத்தார். நீதிமன்றம் குவாக்கின் கூற்றை ஏற்றது. 151 என்ற எண்ணை அவைக்குள் இருந்தவர்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

தலைநகர் பாதுகாப்புப் படையின் கர்னல் சோ சுங்-ஹ்யுனுக்கும் இதே உத்தரவு வந்தது. அவர் பின்னால் வந்துகொண்டிருந்த படைப்பிரிவிடம் சோகாங் பாலத்தைத் தாண்டாதீர்கள் என்று சொன்னார். பாலத்தின் அந்தப் பக்கம்தான் யோயிடோ. இதை அவரே அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதிகள் முன் நின்று சொன்னார்.

அவைக்குள்ளும் ஒரு தாமதம். போதிய பேர் வந்துவிட்டார்கள், உடனே வாக்கெடுங்கள் என்று உறுப்பினர்கள் குரலெழுப்ப, சபாநாயகர் ஊ அசையவில்லை. தீர்மானம் இன்னும் முறைப்படி தாக்கலாகவில்லை, நடைமுறையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்றார். வீரர்கள் ஏற்கெனவே கட்டடத்துக்குள். அந்த நிமிடங்களை நேரலையில் பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றிருக்கும். ஆனால் அவர் செய்ததே சரி. அவசரத்தில் ஒரு முறைகேடு நடந்திருந்தால், தீர்மானம் செல்லாது என்று சொல்ல அதிபருக்கு ஒரு துரும்பு கிடைத்திருக்கும். 1:01க்கு முடிவு: வந்திருந்தவர்கள் 190, ஆதரவு 190. அதில் 18 பேர் ஆளுங்கட்சியினர். சில நிமிடங்களில் கட்டடத்தின் ஒரு பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. காலம் கடந்துவிட்டிருந்தது.

விலக்கிக்கொள்வதாக அதிபர் அறிவித்தது 4:27 மணி அளவில்தான். இடைப்பட்ட மூன்றரை மணி நேரமும் உறுப்பினர்கள் அவையைவிட்டு நகரவில்லை.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். அறிவிப்பு வெளியான சில நிமிடங்களிலேயே குவாசோனில் உள்ள தேசியத் தேர்தல் ஆணையத்துக்குள் ராணுவத்தினர் நுழைந்துவிட்டார்கள். அதாவது அருகிலேயே காத்திருந்தார்கள். தேர்தலில் மோசடி என்று வலைத்தளக் காணொளிகளில் உலவிய கதைகளை அதிபர் நம்பினார், கணினிகளைச் சோதிக்க அனுப்பினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். தேர்தலை நடத்தும் அமைப்புக்குப் பட்டாளத்தை அனுப்பியது நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. எனக்கு அதுதான் அதிகம் அச்சமூட்டுகிறது.

தெருக்களின் நான்கு மாதம்

டிசம்பர் 7இல் முதல் பதவிநீக்கத் தீர்மானம் தோற்றது. 200 பேர் தேவை, வாக்களித்தவர்கள் 195தான். ஆளுங்கட்சியினர் மூவரைத் தவிர மற்றவர்கள் வெளியேறிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 14இல், 204 வாக்குகளில் நிறைவேறியது. இறுதி முடிவு அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் போனது. அந்த வாரம் யோயிடோவில் குளிரில் நின்றவர்களில் இளம்பெண்கள் ஏராளம். பாப் இசைக் கச்சேரிகளுக்குக் கொண்டுபோகும் ஒளிக்கோல்களை ஏந்தி வந்தார்கள். வர முடியாதவர்கள் அருகிலிருந்த காபிக் கடைகளில் முன்கூட்டியே பணம் கட்டி, போராட்டத்துக்கு வருபவர் யாரானாலும் கொடுங்கள் என்றார்கள். டிசம்பர் 21 அன்று தெற்கிலிருந்து டிராக்டர்களில் வந்த விவசாயிகளை நம்தேரியோங் கணவாயில் காவல்துறைப் பேருந்துகள் மறித்தன. செய்தி கேட்ட நகரத்து இளைஞர்கள் இரவோடிரவாக அங்கே போய் விடிய விடிய அவர்களோடு நின்றார்கள். மறுநாள் டிராக்டர்கள் சியோலுக்குள் வந்தன.

எதிர்ப்பக்கத்திலும் தெரு நிறைந்தே இருந்தது. யூனின் ஆதரவாளர்கள் கொரியக் கொடியோடு அமெரிக்கக் கொடியையும் ஏந்தினார்கள். ஜனவரி 3இல் அவரைக் கைது செய்யப் போன அதிகாரிகளை அதிபர் பாதுகாப்புப் படை தடுத்தது. ஜனவரி 15இல் கைதானார். 19ஆம் தேதி காவலை நீட்டித்து ஆணை வந்ததும் சியோல் மேற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியது. நீதிபதியைத் தேடி அறை அறையாகப் போனார்கள்.

வெளியுலகில்

தென்கொரியாவில் 28,500 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். அமைதிக்காலப் படை அதிகாரம் 1994 முதல் கொரியாவிடமே உள்ளது, போர்க்கால அதிகாரம் மட்டும் அமெரிக்கத் தளபதியிடம். டிசம்பர் 3 இரவில் வாஷிங்டனுக்கு முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் இரண்டாம் நிலையில் இருந்த கர்ட் கேம்பெல், யூன் மோசமாகத் தப்புக்கணக்குப் போட்டுவிட்டார் என்று வெளிப்படையாகவே சொன்னார். நேச நாட்டின் அதிபரைப் பற்றி இப்படிப் பேசுவது அரிது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1980இல் குவாங்ஜு எழுச்சியின்போது அமெரிக்க-கொரியக் கூட்டுப் படையின் கட்டுப்பாட்டிலிருந்த ஒரு கொரியப் படைப்பிரிவை விடுவிக்க அமெரிக்கத் தளபதி இசைந்தது கொரியாவில் ஒரு தலைமுறையின் அமெரிக்க எதிர்ப்புக்கு வித்திட்டது. 1982இல் பூசானில் அமெரிக்கப் பண்பாட்டு மையத்துக்குத் தீவைத்தது அந்தக் கோபம்தான். மீண்டும் அந்தப் பழி வேண்டாம் என்பதில் வாஷிங்டன் கவனமாக இருந்தது.

வாஷிங்டனுக்கு யூன் மிகவும் பிடித்தமானவர் என்பது சங்கடத்தைக் கூட்டியது. ஜப்பானோடு பழைய பகையை ஒதுக்கிவைத்து, 2023 ஆகஸ்டில் கேம்ப் டேவிட்டில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன், ஜப்பான் பிரதமர் கிஷிதாவோடு முத்தரப்பு உடன்பாடு கண்டவர். 2024 மார்ச்சில் ஜனநாயகத்துக்கான உச்சி மாநாட்டைச் சியோலில் நடத்தியவர். அந்த இரவுக்குப்பின் அமெரிக்க-கொரிய அணுசக்தி ஆலோசனைக் குழுவின் கூட்டம் தள்ளிப்போனது, அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ஆஸ்டின் சியோல் வரவில்லை, சுவீடன் பிரதமர் தன் பயணத்தை ஒத்திவைத்தார். வோனின் மதிப்பு ஒரே இரவில் டாலருக்கு 1,440ஐத் தாண்டிச் சரிந்தது.

எதிர்க்கட்சியும் இங்கே ஒரு பிழை செய்தது. முதல் பதவிநீக்கத் தீர்மானத்தின் முடிவுரையில், வடகொரியா, சீனா, ரஷ்யாவைப் பகைத்து ஜப்பானைச் சார்ந்த விசித்திர வெளியுறவுக் கொள்கையை நடத்தினார் என்று யூனைச் சாடியிருந்தார்கள். கொள்கை வேறுபாடு பதவிநீக்கக் காரணம் ஆகாது. அமெரிக்காவில் எழுந்த முணுமுணுப்புக்குப்பின் இரண்டாம் தீர்மானத்தில் அந்த வரி நீக்கப்பட்டது. நல்லவேளை. அது இருந்திருந்தால் அரசியலமைப்பு மீறல் பற்றிய வழக்கு, வாஷிங்டனா பெய்ஜிங்கா என்ற சண்டையாகத் திரிந்திருக்கும். யூனோ டிசம்பர் 12 உரையில் சீன நாட்டவரின் உளவு பற்றிப் பேசினார். சீன வெளியுறவு அமைச்சகம் வியப்பும் அதிருப்தியும் தெரிவித்தது.

வடகொரியாவின் அரசு ஊடகம் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை, டிசம்பர் 11இல்தான் செய்தி போட்டது. ஆனால் கதையில் அதற்கு ஓர் இருண்ட பங்கு உண்டு. 2024 அக்டோபரில் தெற்கிலிருந்து வந்த டிரோன்கள் பியாங்யாங் மேல் துண்டறிக்கை வீசியதாக வடகொரியா குற்றம்சாட்டியது. ராணுவச் சட்டத்துக்குச் சாக்குத் தேடி வடக்கைச் சீண்டவே அவை அனுப்பப்பட்டன என்று சிறப்பு வழக்கறிஞர் 2025 நவம்பரில் யூன் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். யூன் தரப்பு மறுக்கிறது. இரு கொரியாக்களின் எல்லையில் ஒரு தவறான கணக்கு எதில் போய் முடியும் என்பதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மிகப் பெரிய விலை வெற்றிடம்தான். பிரதமர் ஹான் டக்-சூ பொறுப்பு அதிபரானார். டிசம்பர் 27இல் அவரும் பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆளாகி, நிதியமைச்சர் சோய் சாங்-மோக் பொறுப்பேற்றார். மார்ச் 24இல் ஹான் மீண்டார். மே மாதம் தேர்தலில் நிற்கவென ஹான் விலக, சோயும் விலக, கல்வி அமைச்சர் லீ ஜூ-ஹோவிடம் நாடு வந்து சேர்ந்தது. இந்த ஆறு மாதத்தில்தான் டிரம்ப் பதவியேற்றார். ஏப்ரல் 2இல் கொரியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு இறக்குமதி வரி அறிவித்தார். ஏற்றுமதியை நம்பி வாழும் நாட்டின் சார்பில் அவரோடு பேச, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் இல்லை. 2025 முதல் காலாண்டில் பொருளாதாரம் 0.2 விழுக்காடு சுருங்கியது.

11:22

வரி அறிவிப்பு வந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 4, காலை 11:22. பொறுப்புத் தலைமை நீதிபதி மூன் ஹ்யுங்-பே தீர்ப்பின் கடைசி வரியை வாசித்தார்: அதிபர் யூன் சுக் யோல் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக. பழமைவாதிகள் நியமித்தவர்களும் அதில் இருந்தார்கள். நெருக்கடி இல்லாமல் அறிவித்தது, நாடாளுமன்றத்தைத் தடை செய்த ஆணை, அங்கே படை அனுப்பியது, தேர்தல் ஆணையத்துக்குள் நுழைந்தது, அரசியல்வாதிகளையும் முன்னாள் தலைமை நீதிபதியையும் பின்தொடர முயன்றது ஆகிய ஐந்தும் மீறல்களே என்றது தீர்ப்பு. எதிர்க்கட்சியையும் விட்டுவைக்கவில்லை. உரையாடலும் விட்டுக்கொடுத்தலும் நாடாளுமன்றத்தின் கடமையாகவும் இருந்தது என்றது.

இரண்டு மணி நேரக் கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது. நாடாளுமன்றம் விரைந்து தீர்மானம் நிறைவேற்ற முடிந்தது மக்களின் எதிர்ப்பாலும், ராணுவமும் காவல்துறையும் கடமையை அரைமனத்தோடு செய்ததாலும்தான். ஆகவே விரைவில் முடிந்ததைக் காட்டி மீறல் சிறியது என்று சொல்ல முடியாது. ஒரு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தன் படையினர் உத்தரவை மந்தமாக நிறைவேற்றியதைத் தீர்ப்பில் பதிவுசெய்து, ஜனநாயகம் பிழைத்ததற்கு அதை ஒரு காரணமாகச் சொன்னதை நான் வேறெங்கும் படித்ததில்லை. வான்பரப்பு அனுமதியை நிறுத்திய கர்னல், பாலத்தில் படையை நிறுத்திய கர்னல், துப்பாக்கியோடு பின்வாங்கிய வீரர், திரும்பிப் போகும்போது மக்களிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்ட இன்னொருவர், எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறார்கள்.

ஜூன் 3 தேர்தலில் 79.4 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். லீ ஜே-மியுங் 49.42 விழுக்காடு பெற்று வென்றார். மறுநாளே, இடைவெளியின்றி, நாடாளுமன்றக் கட்டடத்தின் உள் மண்டபத்தில் பதவியேற்பு. அது முடிந்ததும் புதிய அதிபர் அங்கே பணிபுரியும் துப்புரவுத் தொழிலாளர்களையும் காவல் பணியாளர்களையும் தேடிப் போய் நன்றி சொன்னார். டிசம்பர் இரவில் கதவுகளை அடைத்து நின்றவர்கள் ஒரு தரப்பினர், விடிந்தபின் அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துச் சீராக்கியவர்கள் இன்னொரு தரப்பினர்.